நமீபியா, போட்ஸ்வானா சிறு குழுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டுப் பேர், ஒரே வண்டி. பெருங்கூட்டம் செய்யும் கேட்டை நாம் செய்யமாட்டோம் என்ற நிம்மதியோடுதான் பலர் கிளம்புகிறார்கள். ஆனால் பெரிய பேருந்து போக முடியாத இடத்துக்கெல்லாம் சின்ன வண்டி போய்விடும். கெடுதல் தொடங்குவதும் அங்கேதான்.

மிகப் பெரிய தவறு, பாதையை விட்டு வண்டியை இறக்குவது. நமீபியாவின் கடலோர ஊரான சுவகோப்முண்டைச் சுற்றியுள்ள சரளை வெளி பார்வைக்கு வெறும் பொட்டல். குனிந்து பாருங்கள்: கற்களின்மேல் கருகிய தாள் துண்டுபோல் ஒட்டியிருப்பது லைக்கன், பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் உயிர். கடலிலிருந்து வரும் மூடுபனி பட்டதும் சுருள் விரிந்து நிறம் மாறும். வளர்ச்சியோ மிக மிக மெதுவு. மழை அரிதான அந்த மண்ணில் சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. அதைப் பார்த்து அடுத்த வண்டியும் இறங்கும். டமாரா ஆலா என்ற சிறு பறவை முட்டையிடுவதும் இந்தச் சரளைத் தரையில்தான். முட்டைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. சாலையிலேயே நிறுத்திப் படமெடுங்கள். லைக்கன் உள்ள இடத்தில் கால்கூட வைக்கவேண்டாம்.

மணலில் சிக்குவதும் பெரும்பாலும் நம் தவறே. மணல்மேடுகள் சூழ்ந்த சோசுஸ்விலேக்குப் போகும் கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல். டயரில் காற்றை 1.2 பார் அளவுக்கு இறக்கினால் (வண்டிக்கும் பாரத்துக்கும் ஏற்பச் சற்றே மாறும்) டயர் அகன்று மணலின்மேல் ஏறிப்போகும். இறக்காதவர்கள் சிக்கிக்கொண்டபின், சக்கரத்தடியில் போடுவதற்குப் பக்கத்து மரத்தின் கிளையை ஒடிக்கிறார்கள். திரும்பக் காற்றடிக்கச் சிறிய கம்ப்ரஸர் கையில் இருக்கட்டும். மணல் ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால் அங்குள்ள ஷட்டில் வண்டியில் போவதே சரி.

விறகு விஷயத்தில் 'காய்ந்த மரம்தானே' என்று நினைக்காதீர்கள். பட்டுப்போன கேமல்தார்ன் என்ற முள்மரத்தின் பொந்தில் பறவையும் பல்லியும் குடியிருக்கும். பூங்காவுக்குள் விறகு பொறுக்கவே கூடாது. மேய்ச்சல் நிலத்தை அடைத்து வளரும் புதர்களை வெட்டி மூட்டையாக விற்கிறார்கள். கேட்டு அதையே வாங்குங்கள். எட்டுப் பேருக்குச் சின்ன நெருப்பே தாராளம்.

இறைச்சியில் பலர் ஏமாறுகிறார்கள். நமீபியாவின் குறுக்கே கால்நடை நோயைத் தடுக்கும் வேலி ஓடுகிறது. வடக்கே காட்டெருமைகள் கோமாரி வைரஸை நோய் தெரியாமல் சுமக்கின்றன. தெற்குப் பண்ணைகளின் மாட்டிறைச்சி ஏற்றுமதியோ கோமாரி இல்லை என்ற நிலையை நம்பியிருக்கிறது. அதனால் வடக்கிலிருந்து தெற்கே வரும்போது ஓஷிவேலோ, பாம்வாக் போன்ற சோதனைச் சாவடிகளில் பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள். போட்ஸ்வானாவிலும் இப்படி வேலிகள் உண்டு. வாரத்துக்கான கறியை மொத்தமாக வாங்கி ஐஸ் பெட்டியில் அடைத்தவர்கள் அத்தனையையும் இழப்பார்கள். இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கி, சாவடிக்கு முந்தின இரவே சமைத்து முடித்துவிடுங்கள். ஒளித்து எடுத்துப்போகவே கூடாது. அது ஒரு நாட்டுப் பண்ணையாளர்களின் பிழைப்பையே கெடுக்கும்.

சிவிங்கிப்புலி (சீட்டா) பகலில் வேட்டையாடும் விலங்கு. வண்டிகள் சூழ்ந்தால் பிடித்த இரையையே விட்டுப் போய்விடும். 'இன்னும் கொஞ்சம் பக்கத்தில்' என்று வற்புறுத்தினால், டிப்ஸை நம்பியிருக்கும் வழிகாட்டியால் மறுக்க முடியாது. ஆகவே முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்: எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது உங்கள் முடிவு, அதனால் டிப்ஸ் குறையாது என்று.

காண்டாமிருகத்தைப் பார்த்தால் போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படமெடுங்கள். இடத்தின் பெயரையோ அடையாளம் தெரியும் குன்றையோ வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். கொம்புக்காக வேட்டையாடுபவர்களுக்கு அதுவே வழிகாட்டும்.

சிங்கக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சும் இடங்களைப் பயணத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். தாயிடமிருந்து பிரித்த குட்டி அது. வளர்ந்தபின் காட்டுக்கு விட முடியாது.

ஹிம்பா என்ற கால்நடை மேய்க்கும் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குள், சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நேரே நுழைந்துவிடாதீர்கள். அந்த மொழி பேசும் வழிகாட்டியோடு போய், ஊர்த்தலைவரிடம் அனுமதி கேளுங்கள். சோளமாவு, சர்க்கரை, எண்ணெய் கொண்டுபோனால் அவரிடமே கொடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் நீட்டினால் அவர்கள் பள்ளியை விட்டுச் சாலையில் நிற்கப் பழகுவார்கள், பல் கெட்டால் பல் மருத்துவர் பக்கத்தில் இல்லை.

பணம் எங்கே போகிறது என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள். 1996இல் வந்த சட்டத்தால் நமீபியக் கிராமங்கள் 'கன்சர்வன்சி' (ஊரார் கூட்டாக நடத்தும் வனவிலங்குப் பாதுகாப்புப் பகுதி) அமைத்து வனவிலங்கு வருமானத்தைத் தாங்களே பெற முடிகிறது. தங்கப்போகும் லாட்ஜ் எந்தக் கன்சர்வன்சியோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் நல்ல நிறுவனம் உடனே பெயரோடு பதில் சொல்லும். மழுப்பினால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.