புனலும் டியூபும் போதும்: நீரின் அழுத்தத்தை வீட்டிலேயே அளக்கும் முறை

மேட்டூர் அணையைப் பற்றிய செய்திகளில் இரண்டு அளவுகள் தவறாமல் வருகின்றன. ஒன்று அடியில் சொல்லப்படும் நீர்மட்டம், மற்றொன்று டி.எம்.சி.யில், அதாவது நூறு கோடி கன அடிக் கணக்கில், சொல்லப்படும் நீர் இருப்பு. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை நிரம்பும்போது இவை 120 அடியாகவும் 93.47 டி.எம்.சி.யாகவும் இருக்கும். அணைச் சுவரின் ஓரிடத்தில் தண்ணீர் தரும் அழுத்தத்தைக் கணக்கிட நீர்மட்டம் தெரிந்தால் போதும், எத்தனை டி.எம்.சி. தேங்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் வேலையே இல்லை. இதை நம்பத் தயங்குவோர் கீழே உள்ளதைச் செய்து பார்க்கலாம்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நிறமற்ற டியூப் இரண்டு மீட்டர், அதன் முனையில் இறுக்கமாகப் பொருந்தும் சிறிய புனல், ஒரு பலகை, ஸ்கேல், ஆழமான வாளி, கொஞ்சம் மை, இரண்டு கிலோ உப்பு ஆகியவை தேவை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகள் பக்கம் ஒரு முறை போய் வந்தால் எல்லாமே கிடைத்துவிடும்.

முதலில் டியூபின் ஒரு முனைப் பகுதியை ‘ப’ வடிவில் வளைத்து, ஒவ்வொரு கையும் 35 செ.மீ. உயரம் இருக்குமாறு பலகையில் கட்டுங்கள். மை கலந்த தண்ணீரை அதில் பாதியளவு ஊற்றினால் இரு கைகளிலும் மட்டம் சமமாக நிற்கும். நடுவில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் விரலால் தட்டி வெளியேற்றிவிடுங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. பிறகு மறுமுனையில் புனலைப் பொருத்துங்கள்.

புனலின் வாயில் பலூன் துண்டைக் கட்டுவது வழக்கம். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பலூனின் விறைப்பு அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்வதால் அளவு குறைவாகக் காட்டும். புனலைத் திறந்தபடியே கவிழ்த்து, வாளித் தண்ணீருக்குள் இறக்குங்கள். புனலுக்குள் சிறிதளவு தண்ணீர் ஏறும். அந்த உள்மட்டத்திலிருந்து வாளியின் மேல்மட்டம் வரை உள்ள உயரமே ஆழம்.

ஆழம் 5 செ.மீ. எனில் ‘ப’ குழாயின் இரு மட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ 5 செ.மீ. வேறுபாடு தெரியும், 10 எனில் 10, 20 எனில் 20. இப்போது புனல் நுழையும் அளவுக்கே அகலமுள்ள ஒரு ஜாடியில், முன்பு போலவே 10 செ.மீ. ஆழத்தில் அளந்து பாருங்கள். தண்ணீர் வாளியில் இருந்ததைவிட மிகக் குறைவு. ஆனாலும் வேறுபாடு அதே 10 செ.மீ.தான்.

அடுத்தது அடர்த்தி. ஐந்து லிட்டர் வெந்நீரில் உப்பை இனிமேல் கரையாது என்னும் நிலைவரை கரைத்து, ஆறவிட்டு, தெளிந்த கரைசலில் 10 செ.மீ. ஆழத்தில் அளந்தால் வேறுபாடு கிட்டத்தட்ட 12 செ.மீ. வரும், ஏனெனில் அக்கரைசலின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 1.2 மடங்கு. கடலை எண்ணெயில் அளந்தால் 9 செ.மீ.யைச் சற்றே தாண்டும். தேங்காய் எண்ணெயை எடுக்க வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் அது உறைந்துவிடும்.

ஒரு புள்ளிக்கு நேர் மேலே நிற்கும் திரவத் தூணின் எடையே அங்கே அழுத்தமாகிறது. ஆகவே ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் திரவம் தரும் அழுத்தம் கிடைக்கும். மேட்டூரில் நீர்மட்டத்துக்கு 120 அடி, அதாவது 36.6 மீட்டர் கீழே, 36.6 × 1000 × 9.8 என்று பெருக்கினால் சுமார் 3.59 லட்சம் பாஸ்கல் வருகிறது. எளிமையாகச் சொன்னால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மூன்றரைக் கிலோவுக்கு மேல். அணையின் அடிப்பகுதி மேற்பகுதியைவிட அகலமாகக் கட்டப்படுவது இதனால்தான். அதே உயரமுள்ள ஒற்றைக் குழாயில் தண்ணீரை நிரப்பினாலும் அதன் அடியில் இதே அழுத்தம்தான் இருக்கும்.

காற்றுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஏற்காட்டில் காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி எடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கினால், அது உள்நோக்கி ஒடுங்கியிருக்கும். சுமார் 1,200 மீட்டர் உயரக் காற்று செய்த அந்த வேலையை, ஏற்காட்டிலேயே அந்தப் பாட்டிலை ஒன்றேகால் மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் அமிழ்த்தியும் ஏறத்தாழச் செய்துவிடலாம்.