எக்ஸாஸ்ட்டை முதலில் மாற்றாதீர்கள்: ரோட்டரி கார் வாங்கியவர்களுக்கு

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் கார் வாங்கும் இளைஞர்கள் என்னென்ன தவறு செய்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அதில் பாதி நானும் ஒருகாலத்தில் செய்ததுதான். வீல் நட்டை இறுக்க மறப்பது, பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுப்பது மாதிரி எந்தக் காருக்கும் பொருந்துகிற சங்கதிகளை விட்டுவிடுகிறேன். ரோட்டரிக்கே உரியவை மட்டும். அதிலும் ஒன்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் எரிச்சல் வருகிறது.

எக்ஸாஸ்ட்டில் தொடங்குவது

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி மாடல், 1992 முதல் 2002 வரை வந்தது. உள்ளே இருப்பது 13பி இன்ஜின். ஒவ்வொன்றும் 654 சிசி என்ற கணக்கில் இரண்டு ரோட்டர், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ. கம்பெனி வைத்த பூஸ்ட், அதாவது அந்தக் காற்றின் அழுத்தம், சுமார் 10 பிஎஸ்ஐ.

கார் கைக்கு வந்ததும் தம்பிகள் முதலில் செய்வது எக்ஸாஸ்ட் வேலை. டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு வெறும் குழாய், பின்னால் அகலமான சைலன்சர், முன்னால் திறந்த ஏர் ஃபில்டர். "ஈசியூவைத் தொடவே இல்லைண்ணா, எக்ஸாஸ்ட் மட்டும்தானே" என்பார்கள். ஈசியூ என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். டர்போ இல்லாத பிஸ்டன் காரில் இது சரி. சத்தம் கூடும், அவ்வளவுதான்.

இங்கே கதை வேறு. வெளியேறும் வழியில் இருந்த தடை போனதும் டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தவேண்டியது, புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வு. எஃப்டியில் அதன் துளை சின்னது. முழுக்கத் திறந்தாலும் அவ்வளவு புகையை அதனால் வெளியேற்ற முடியாது. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் 10-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஈசியூவில் இருக்கும் பெட்ரோல் கணக்கு கம்பெனி வைத்த பூஸ்ட்டுக்கு எழுதியது. காற்று மிதமிஞ்சிப் போகும், பெட்ரோல் போதாது, நாக்கிங் தொடங்கும், அதாவது உள்ளே பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும்.

பூஸ்ட் எல்லை மீறினால் பெட்ரோலை வெட்டிவிடும் பாதுகாப்பு ஈசியூவிலேயே இருக்கிறது. கார் வெட்டி வெட்டி ஓடுகிறதே என்று, அந்த வெட்டை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டியை வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. இன்ஜின் கெஞ்சுவதைக் கேட்காமல் அதன் வாயைக் கட்டுகிற வேலை அது. விற்கிறவர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

பிஸ்டன் இன்ஜின் கொஞ்சம் நாக்கிங்கைத் தாங்கும், சத்தம் போட்டு எச்சரிக்கவும் செய்யும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் கசிவைத் தடுக்க இருக்கும் அபெக்ஸ் சீல் வெறும் 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட உலோகப் பட்டை. பலமான ஒரு நாக்கிங் போதும், அது உடைந்துவிடும். உடைந்த துண்டு, ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறிவிட்டு, எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறி, போகிற போக்கில் டர்போவின் டர்பைனையும் அடித்துவிட்டுப் போகும். பிஸ்டன் இன்ஜின் மாதிரி போர் அடித்துப் பெரிய சைஸ் பிஸ்டன் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். நல்ல ஹவுசிங் என்ன விலை விற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மெல்பர்னில் தெரிந்த தம்பி ஒருவன் ஜப்பானிலிருந்து வந்த எஃப்டி வாங்கினான். ஒரு பட்டறையில் எக்ஸாஸ்ட்டை முழுக்க மாற்றிவிட்டு, "டியூனிங் அடுத்த மாசம் பார்த்துக்கலாம், அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். புதுச் சத்தம் போடுகிற காரை இருபது வயதுக்காரன் மெதுவாக ஓட்டுவானா? ஜூலை மாதக் குளிர் இரவு, காலியான சாலை, மூன்றாவது கியர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் பூஸ்ட் அன்றைக்கு வழக்கத்தைவிட இன்னும் ஏறியிருக்கும். பெரிய சத்தமெல்லாம் ஒன்றும் கேட்கவில்லையாம். திடீரென்று இழுவை போனது, ஐடிலில் கார் நடுங்கியது. பிரித்துப் பார்த்தபோது முன் ரோட்டரில் ஒரு சீல் பாதிதான் இருந்தது. எக்ஸாஸ்ட்டுக்குக் கொடுத்ததைப்போல பல மடங்கு இன்ஜினுக்குப் போனது. அந்தப் பட்டறை இன்றைக்கும் அதே ஆலோசனையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

என்ன வரிசையில் போக வேண்டும்? முதலில் பூஸ்ட் கேஜ், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் கேஜ். இப்போதைய நிலைமை தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். அடுத்து, பவர் எஃப்சி, ஹால்டெக் மாதிரி டியூன் செய்ய முடிகிற ஈசியூ. வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்குவதும், பூஸ்ட்டைக் கூட்டுவதாக இருந்தால் இன்ஜெக்டரை மாற்றுவதும் அதற்கப்புறம். எக்ஸாஸ்ட் கடைசி. அதை மாட்டிய காரை டைனோவுக்கு (காரை உருளைமேல் ஓட்டி டியூன் செய்யும் இயந்திரம்) வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், ஓட்டிக்கொண்டு அல்ல.

வெப்ப முள்ளை நம்புவது

எஃப்டியின் டாஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள், கூலன்ட் சூடு கணிசமாக ஏறினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது நகர்ந்து நீங்கள் கவனிப்பதற்குள் காரியம் கெட்டிருக்கும். இன்ஜினின் பக்கத் தகடுகள் வார்ப்பிரும்பு, ரோட்டர் ஹவுசிங் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கூலன்ட் சீல்கள் அதிகச் சூட்டில் போய்விடும். எண்ணில் காட்டும் தனி கேஜ் ஒன்று போடுங்கள். பழைய எஃப்டி என்றால் கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விடும். விடுவதற்கு முன்னால் அலுமினியத்தில் ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள்.

சாதாரண கேஜில் கம்ப்ரெஷன் பார்த்து வாங்குவது

கம்ப்ரெஷன் என்பது இன்ஜினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று அளவு. பிஸ்டன் கார் கேஜ் அதில் அதிகமானதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். மூன்றில் இரண்டு படுத்துவிட்ட இன்ஜினும் அதில் தேறிவிடும். ரோட்டரி டெஸ்டர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். அடுத்தடுத்த இரண்டு முகங்கள் குறைவாக இருந்தால் இடையில் இருக்கும் அபெக்ஸ் சீல் மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைட் சீல். ஆர்எக்ஸ்-7-க்கு அடுத்து வந்த ஆர்எக்ஸ்-8 என்றால் 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே எதைக் காட்டினாலும் விலை பேசாமல் வந்துவிடலாம். இன்ஜினை மாற்றும் செலவையும் சேர்த்துப் பேசுவதானால் பேசுங்கள்.

ஸ்டார்ட் செய்து உடனே அணைப்பது

ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் வழிவிட நாலு அடி நகர்த்திவிட்டு அணைப்பார்கள். குளிர்ந்த இன்ஜினில் அதிகமாக ஊற்றிய பெட்ரோல் சீலில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், பிளக் நனையும், மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் செய்தால் முழுச்சூடு வரும்வரை ஓட விடுங்கள். ஏற்கெனவே நனைந்துவிட்டதா? ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெட்ரோல் வராது, உள்ளே இருப்பது வெளியேறும்.

இக்னிஷன் காயிலைத் தள்ளிப்போடுவது

இதுவும் ஆர்எக்ஸ்-8 வியாதிதான். காயில் தளர்ந்தால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கி அடைத்துவிடும். அடைத்த வழியில் சூடு திரும்பி இன்ஜினிலேயே தேங்கும். சாதாரண காயிலுக்குச் செலவு செய்ய அஞ்சியவர்கள் கடைசியில் கன்வெர்ட்டர், இன்ஜின் இரண்டையும் வாங்குகிறார்கள்.

"எண்ணெய் குடிக்குதே!"

குடிக்கத்தான் வேண்டும். சீலுக்கு எண்ணெய் விடுவதற்கென்றே உள்ளே ஒரு பம்ப் இருக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

பிளக்

எஃப்டியில் ரோட்டருக்கு இரண்டு. கீழே லீடிங், வெப்ப எண் 7. மேலே டிரெய்லிங், வெப்ப எண் 9. மாற்றிப் போடாதீர்கள்.