ஐஸ் ஹொக்கிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டில் நாங்கள் விடுகிற பிழைகள்

திருகோணமலையில் ஐஸ் என்றால் மீனுக்குப் போடுகிற ஐஸ்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு ஐஸ் ஹொக்கி பற்றி எழுத இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் 11 வருசம் வேலை செய்தேன், பாதி நேரம் சம்போனி ஓட்டுவதுதான் என் வேலை. (அந்த வண்டி ஐஸின் மேற்பரப்பைச் சீவிவிட்டு அதற்கு மேல் சுடுதண்ணீர்தான் விடும். சுடுதண்ணீர் மேல்தோலைக் கொஞ்சம் உருக்கி, அதோடு சேர்ந்து இறுகிவிடும். உவர்மலையில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.)

இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தரமாவது யாராவது அன்ரி போனில், "தம்பி, என்ர பேரன் ரொறன்ரோவில ஹொக்கி விளையாடுறான், பெரிய லீக்குக்கு எப்ப எடுப்பினம்?" என்று கேட்பார். பேரனுக்கு எத்தனை வயது என்று கேட்டால், எட்டு! பிள்ளை ஐஸில் விடுகிற பிழையைத் திருத்த கோச் இருக்கிறார், வீட்டில் நாங்கள் விடுகிறதைத் திருத்தத்தான் ஆள் இல்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

முதலாவது பிழை சப்பாத்திலேயே தொடங்குகிறது. இங்கே பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கும்போது அடுத்த வருசத்துக்கும் கிடக்கட்டும் என்று ஒரு சைஸ் கூட எடுத்து, முன்னுக்குப் பஞ்சு அடைத்து அனுப்புவோமே, அதே பழக்கத்தைச் சனம் விமானத்தில் ஏற்றிக் கனடாவுக்கும் கொண்டுபோயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை விடிய ஐந்தரை மணி, வாங்கில் ஒரு அப்பா குந்தியிருந்து ஏழு வயது மகனுக்கு ஸ்கேற் நாடா கட்டுகிறார், பிள்ளையின் காலில் இரண்டு சோடிக் காலுறை, அதற்கு மேலும் குதிக்கால் உள்ளே கடகடவென்று ஆடுகிறது. அண்ணை, சைஸ் பெரிசு, கணுக்கால் உள்பக்கம் மடியுது பாருங்கோ என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர் ஐஸ் துடைக்கிற ஆள்தானே" என்றார். சரி, துடைக்கிற ஆள்தான். ஆனால் ஸ்கேற் பெரும்பாலும் சாதாரணச் சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் சின்னதாகத்தான் வரும். நேரே நிற்கும்போது விரல் நுனி முன்னுக்கு மெல்ல முட்ட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும், குதிக்கால் அசையவே கூடாது. பெரிய ஸ்கேற்றில் பழகிய பிள்ளை மடிந்த கணுக்காலிலேயே ஓடப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவது பெரிய பாடு. காசு பிரச்சினை என்றால் அளவான பழைய சோடி வாங்கிக் கூர் தீட்டிக் கொடுங்கள், ஒன்றும் குறையாது. 300 டொலர் மட்டை பிறகு வரட்டும்.

அடுத்தது ரியூசன் மூளை. கோடையிலும் ஹொக்கி, மாரியிலும் ஹொக்கி, இடையில் தனி வகுப்பு, ஒரு நாள் விட்டால் மற்றப் பிள்ளை முந்திவிடும் என்ற பயம். ஹொக்கியின் பெரிய நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி சின்ன வயதில் கோடை வந்தால் பேஸ்போலும் லக்ரோஸும் விளையாடினவர், அதற்காக அவருடைய கோல் எண்ணிக்கை குறையவில்லை. பன்னிரண்டு வயதில் இடுப்பு நோகுது என்று நொண்டிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய மாதத்தில் இன்னொரு பயிற்சி முகாமுக்குக் காசு கட்டியிருப்பார்கள். விடுமுறைக்கு இங்கே வந்தால் டச்சுக்குடாவில் நீந்த விடுங்கள், மெக்கெய்சர் மைதானத்தில் பந்து அடிக்க விடுங்கள்.

பிறந்த மாதக் கதையும் ஒன்று இருக்கிறது. கனடாவில் வயதுப் பிரிவை ஜனவரி 1ஐ வைத்துத்தான் பிரிக்கிறார்கள், ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்கும், ஒன்பது வயதில் அந்தப் பதினொரு மாத இடைவெளி ஒரு தலை உயரமாகத் தெரியும். நல்ல ரீமில் எடுபடுகிறவர்களில் வருசத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கூட என்பது 1980களிலேயே ஆய்வில் எழுதப்பட்ட விசயம். கார்த்திகை, மார்கழியில் பிறந்த பிள்ளையை "இவனுக்கு இது சரிவராது" என்று ஒன்பதில் நிறுத்தாதீர்கள்.

இனி ட்ராப்ட், அதாவது அணிகள் இளம் வீரர்களைப் பெயர் சொல்லித் தெரிவு செய்கிற நிகழ்ச்சி. அன்ரிமார் கேட்கிற அந்தப் பெரிய லீக்தான் என்.எச்.எல்., அதில் 32 அணிகள், ட்ராப்டில் ஏழு சுற்று, ஆக வருசத்துக்கு 224 பெயர் வாசிக்கிறார்கள். பெயர் வாசித்ததும் பையன் என்.எச்.எல். வீரன் ஆகிவிட்டான் என்று ஊரெல்லாம் போன் போட்டுவிடுகிறோம். அது ஒப்பந்தம் கிடையாது, அவனோடு ஒப்பந்தம் செய்கிற உரிமை அந்த அணிக்குப் போகிறது, அவ்வளவுதான். 1993இல் முதலாவதாக எடுபட்ட அலெக்ஸாண்டர் டேக் எதிர்பார்த்த உயரத்துக்கு வரவேயில்லை. 1999இல் 210ஆவதாக எடுபட்ட ஹென்றிக் செற்றர்பேர்க் அந்த லீக்கின் சாம்பியன் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம் தூக்கினார். மார்ட்டின் சென் லூயியை ஒருவருமே எடுக்கவில்லை, குள்ளம் என்றார்கள், 2004இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் அவர்தான். ஆகவே பெயர் வாசித்தால் தலைகால் புரியாமல் ஆடுவதும் பிழை, வாசிக்காவிட்டால் இழவு வீடு மாதிரி இருப்பதும் பிழை. எங்கட ஆக்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிற பெரிசுகளுக்கு ஒரு வரி: இந்திய வம்சாவளி ரொபின் பாவா 1989இலேயே அந்த லீக்கில் இறங்கிவிட்டார்.

படிப்பு விசயத்தில் பழைய மாமாமாரின் புத்திமதியைக் கேட்க வேண்டாம். கனேடிய ஜூனியர் லீக்கில் விளையாடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிக் கதவு மூடிவிடும் என்பது முந்தின சட்டம், 2025 ஓகஸ்ட்டிலிருந்து அது மாறிவிட்டது. ஜூனியர் லீக்குகள் படிப்புக்கு உதவித்தொகை தருகின்றன, ஆனால் எப்போது காலாவதியாகும் என்ற நிபந்தனையும் அந்தத் தாளிலேயே இருக்கும், கையெழுத்து வைக்க முதல் வாசியுங்கள்.

காசைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், பரவாயில்லை. 2025-26 பருவத்தில் என்.எச்.எல்.லில் ஆகக் குறைந்த சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். இதை 300ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு உவர்மலையில் காணி விலை கேட்கிறார்கள். வரி போகும், ஏஜென்ட் பங்கு போகும், லீக்கின் வருமானத்தை முதலாளிகளோடு சரிபாதியாக்கப் பிடித்து வைக்கிற தொகையும் சில வருசங்களில் போகும். இருவழி ஒப்பந்தம் என்றால் கீழ் லீக்குக்கு இறக்கிய நாட்களுக்குச் சம்பளம் வேறு, பஸ்ஸில் இரவிரவாகப் பயணம் வேறு. ஜாக் ஜோன்சன் கோடிக்கணக்கில் உழைத்த வீரர், 2014இல் வங்குரோத்து மனு கொடுத்தார். அவருடைய கணக்கைக் கையில் வைத்திருந்தது வீட்டார், வரப்போகிற சம்பளத்தைக் காட்டிக் கடன் எடுத்திருந்தார்கள். எங்களுக்குள்ளே இதைச் சொன்னால் தாய் தகப்பனைச் சந்தேகிக்கிறாயா என்பார்கள். கணக்குப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு வெளி ஆள் இருக்கட்டும், பாசம் அது பாட்டுக்கு இருக்கும்.

எனக்கு இன்றும் மனசை விட்டுப் போகாதது தலை அடி. ஒரு பின்னேரம் சம்போனி கராஜுக்குப் பக்கத்தில் ஒரு பெடியன், பதினாறு வயதிருக்கும், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு நிலத்தில் இருந்தான். என்னடா என்றேன். லைற் கண்ணைக் குத்துது அங்கிள், அப்பாவிட்ட சொல்லிப் போடாதேங்கோ, நாளைக்கு அணிக்கு ஆள் தேடுற ஸ்கவுட் வாறார் என்றான். நான் அப்பாவிடம் சொன்னேன். பெடியன் பிறகு என்னோடு கதைக்கவேயில்லை. என்.எச்.எல். நட்சத்திரம் சிட்னி குரொஸ்பி 2011 ஜனவரி 1ஆம் திகதி தலையில் அடி வாங்கி, நாலு நாளில் திரும்ப விளையாடி, ஜனவரி 5இல் இன்னொரு அடி வாங்கினார். அதன் பிறகு அவர் ஐஸில் இறங்கியது நவம்பரில், எட்டே ஆட்டத்தில் மறுபடி உட்கார்ந்தார். உலகத்திலேயே நல்ல வைத்தியர்களைப் பார்க்கக்கூடிய ஆளுக்கே அந்தக் கதி. வெளிச்சம் கூசுது, சத்தி வருது, வாசிச்சது மண்டையில் ஏறுதில்லை என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள், வைத்தியர் சொல்லும்வரை ஸ்கேற்றைத் தொட விடாதீர்கள்.

கழுத்துக் காப்பும் அப்படித்தான். 2023 ஒக்டோபர் 28, இங்கிலாந்தின் ஷெபீல்டில் நடந்த ஆட்டத்தில் ஸ்கேற் அலகு கழுத்தில் வெட்டி அடம் ஜோன்சன் என்ற வீரர் இறந்துபோனார். அதற்குப் பிறகு சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் தன் போட்டிகளில் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் பிடிக்காது, கடிக்கும், வியர்க்கும், பெரிய ஆக்கள் போடுவதில்லையே என்பார்கள். எங்கள் அரங்கில் தொலைந்த சாமான் போடுகிற பெட்டி ஒன்று இருந்தது, பருவம் முடிந்து கொட்டினால் அதற்குள் கழுத்துக் காப்புத்தான் கூட. மட்டை ஒன்று காணாமல் போனால் தகப்பன்மார் அன்றைக்கே மூன்று தரம் போன் பண்ணுவார்கள். காப்பைத் தேடி ஒருவரும் வந்ததில்லை.