கமிட் செய்யாத வேலை இருக்கும்போது மெர்ஜைத் திரும்பப் பெறுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான கிட்டில், ஒரு பிராஞ்சை (தனியாகப் பிரிந்த வேலை வரிசையை) இன்னொன்றோடு சேர்க்கும் மெர்ஜ் தப்பாகிவிட்டது என்று தெரிந்த பதற்றத்தில் பலரும் முதலில் தட்டுவது 'கிட் ரீசெட் --ஹார்ட்'. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அது மெர்ஜை மட்டும் எடுத்துவிட்டு நிற்காது, காலையிலிருந்து திருத்தி இன்னும் கமிட் செய்யாமல் (கிட்டின் வரலாற்றில் பதியாமல்) வைத்திருக்கும் ஃபைல்களையும், மெர்ஜுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஒருமுறைகூட ஆட் செய்யாத (அடுத்த கமிட்டுக்காக 'ஸ்டேஜ்' என்ற இடத்தில் சேர்க்காத) மாற்றம் கிட்டுக்குள் எங்கேயும் பதிவாகியிருக்காது என்பதால் அதை கிட்டால் மீட்கவும் முடியாது.

முதலில் 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். மெர்ஜ் கான்ஃப்ளிக்டில் (இரு பக்க மாற்றங்களும் மோதியதால்) பாதியில் நிற்கிறதா, முடிந்தே விட்டதா? இரண்டுக்கும் வழி வேறு.

பாதியில் நின்றால் மெர்ஜைக் கைவிட 'கிட் மெர்ஜ் --அபார்ட்'. மெர்ஜ் தொடப்போகும் ஃபைலில் நீங்கள் கமிட் செய்யாத மாற்றம் வைத்திருந்தால் கிட் தொடக்கத்திலேயே மறுத்துவிடும், அதனால் மெர்ஜ் ஓடியிருக்கிறது என்றால் உங்கள் வேலை வேறு ஃபைல்களில்தான் இருக்கும், அபார்ட் அவற்றைப் பொதுவாக விட்டுவைக்கும். இங்கே ஆளைக் கவிழ்ப்பது 'கிட் ஆட் .' என்கிற பழக்கம். கான்ஃப்ளிக்டைத் தீர்க்கும் அவசரத்தில் அதைத் தட்டினால் உங்கள் சொந்த மாற்றங்களும் சேர்ந்து ஸ்டேஜுக்குப் போய்விடும், அப்புறம் மனம் மாறி அபார்ட் கொடுத்தால் ஸ்டேஜில் இருப்பதெல்லாம் போய்விடும். தீர்த்த ஃபைலை மட்டும் பெயர் சொல்லி ஆட் செய்யுங்கள். ஏற்கெனவே போய்விட்டதா? ஆட் செய்தது என்பதால் வழி உண்டு: 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' கொடுத்தால் அந்த உள்ளடக்கங்களை எடுத்து வைக்கும், ஃபைல் பெயர் இருக்காது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். கான்ஃப்ளிக்ட் தீராத நிலையில் ஸ்டாஷும் (கமிட் செய்யாத வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது) போட முடியாது, ஆகவே சந்தேகமாக இருந்தால் அபார்ட்டுக்கு முன் ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

மெர்ஜ் முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் புஷ் செய்யவில்லை (மற்றவர்களோடு பகிரும் இடத்துக்கு அனுப்பவில்லை) என்றால் நான் பின்பற்றுகிற வரிசை: 'கிட் ரெஃப்லாக்' (இதுவரை எந்தெந்தக் கமிட்டில் இருந்தீர்கள் என்ற பதிவு) பார்த்து மெர்ஜுக்கு முந்தைய கமிட்டின் ஹாஷை, அதாவது அடையாளக் குறியீட்டை, குறித்துக்கொள்வது, 'கிட் ஸ்டாஷ் -யு' (-யு போடாவிட்டால் புதிதாக உருவாக்கி இன்னும் ஆட் செய்யாத ஃபைல்கள் ஸ்டாஷுக்குள் போகாது), அதன் பிறகுதான் அந்த ஹாஷுக்கு ரீசெட் --ஹார்ட், கடைசியாக, ஒதுக்கியதைத் திரும்ப எடுக்கும் 'ஸ்டாஷ் பாப்'. பாப் செய்யும்போது கான்ஃப்ளிக்ட் வந்தாலும் ஸ்டாஷ் அழியாமல் அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஹாஷை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், பலர், முந்தைய இடத்தைக் குறித்து வைக்கும் பெயரான 'ஆரிஜ்_ஹெட்' என்று கொடுத்து ஏமாந்துபோகிறார்கள். மெர்ஜ் முடிந்த கணத்தில் அது சரியான இடத்தைத்தான் காட்டும், ஆனால் நடுவில் ஒரு ரீசெட்டோ ரீபேஸோ ஓடினால் மாறிவிடும், ஸ்டாஷும் உள்ளுக்குள் ரீசெட் ஓட்டுகிறது. அதேபோல 'ஹெட்~1' (இப்போதைய கமிட்டுக்கு ஒன்று முந்தையது) என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் தவறு. மெர்ஜ் ஃபாஸ்ட்-ஃபார்வர்டாக (பிராஞ்சை அப்படியே முன்னே நகர்த்தி) நடந்திருந்தால் மெர்ஜ் கமிட் என்று ஒன்றே கிடையாது, ஐந்து கமிட் வந்திருந்தால் ஒன்று மட்டும்தான் பின்னால் போகும்.

ஸ்டாஷ் வேண்டாம் என்பவர்களுக்கு 'கிட் ரீசெட் --மெர்ஜ்' இருக்கிறது. ஸ்டேஜ் செய்யாத மாற்றங்களைக் காப்பாற்றும், முடியாத இடத்தில் எதையும் தொடாமல் நின்றுவிடும். ஸ்டேஜ் செய்தவற்றை மட்டும் இதுவும் விட்டுவைக்காது.

புஷ் செய்துவிட்டீர்கள் என்றால் ரீசெட் பக்கமே போகாதீர்கள், மற்றவர்கள் அதன்மேல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். கையிலுள்ள வேலையை ஸ்டாஷ் செய்துவிட்டு 'கிட் ரிவர்ட் -எம் 1' கொடுத்து மெர்ஜ் கமிட்டை ரிவர்ட் செய்யுங்கள் (அதன் மாற்றங்களை நீக்கும் புதிய கமிட் ஒன்று சேரும்). பின்னாளில் அதே பிராஞ்சைத் திரும்ப மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் வராது, ஏனென்றால் கிட்டின் கணக்கில் அவை ஏற்கெனவே வந்து சேர்ந்தவை. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு அப்புறம் மெர்ஜ் செய்ய வேண்டும்.