பாலிஷ் கிரானைட்டைப் படமெடுப்பது எப்படி: கிருஷ்ணகிரி யார்டுகளுக்கான செய்முறை

பாலிஷ் போட்ட கிரானைட் ஸ்லாப் (அறுத்த பலகை) ஒரு கண்ணாடி. அதற்கு எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் படத்தில் விழும்: தகரக் கூரை, கிரேன், செம்மண், எடுப்பவரின் சட்டை. கல்யாணப் படம் எடுத்துப் பழகிய கை பர்கூர், ஜெகதேவி பக்கத்து யார்டுகளில் தடுமாறுவது இதனால்தான். வாங்குகிறவர் வெளிநாட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து லாட், அதாவது ஸ்லாப்களை மொத்தமாக, எடுக்கிறார். நிறம் தப்பினால் தகராறு கன்டெய்னர் போய்ச் சேர்ந்த பிறகு வரும்.

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: லாட் படமா, கேட்டலாக் படமா? லாட் படத்தில் ஒவ்வொரு ஸ்லாப்பும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பிளாக் (ஸ்லாப்கள் அறுத்த பெரிய கல்) எண்ணும் ஸ்லாப் எண்ணும் தெரிய வர வேண்டும். அழகு தேவையில்லை. கேட்டலாக் படத்துக்கு ஒரு ஸ்லாப்புக்கே அரை நாள் போகலாம். இரண்டையும் ஒரே கூலியில் பேசிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

இடமும் வெயிலும்

"வடக்குப் பார்த்த நிழலில் எடு" என்று புகைப்படப் புத்தகங்கள் சொல்லும். அரிசோனா பாலைவனத்தில் தொழில் செய்பவருக்கு அது ஓரளவு சரி. 33 டிகிரி வடக்கில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான். கிருஷ்ணகிரி இருப்பது சுமார் 12.5 டிகிரியில். ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்குப் பார்த்து நிறுத்திய ஸ்லாப் மேல் வெயில் நேராக அடிக்கும். அப்போது தெற்குப் பார்த்து நிறுத்துங்கள். மற்ற மாதங்களில் வடக்கு.

ஷெட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் முதலில் கூரையைப் பாருங்கள். தகரத்துக்கு நடுவே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட் பழசாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒளி விடும். கூடவே எல்இடி விளக்கும் எரிந்தால் இரண்டு நிறம் கலந்து, எந்த வொயிட் பேலன்ஸிலும் சரியாகாது. விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. வேகமான ஷட்டரில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

செம்மண் தரை ஸ்லாப்பின் கீழ்ப்பாதியைச் சிவக்க வைக்கும். எதிரே கறுப்புத் தார்ப்பாய் ஒன்றை விரித்தால் போதும். நீங்களும் உதவியாளும் கறுப்புச் சட்டை போடுங்கள். மஞ்சள் ஹெல்மெட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் யார்டில் கட்டாயம் என்றால் கீழே சொல்லும் ஓட்டை போட்ட கறுப்புத் துணிக்குப் பின்னால் கேமராவை வைத்து, நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.

துடைப்பது

பாலிஷ் சேறு காய்ந்தால் சாம்பல் படலமாக நிற்கும். போர் தண்ணீரில் துடைக்காதீர்கள். காய்ந்ததும் உப்புப் பூத்து, கறுப்புக் கல்லில் வெள்ளை வட்டங்கள் தெரியும். 20 லிட்டர் குடிநீர் கேனும் ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணிகளும் எடுத்துப் போங்கள். துடைத்த பிறகு நன்றாகக் காய விடுங்கள். ஈரம் ஊறிய இடம் அடர்ந்து தெரியும், வாங்குகிறவர் அதைக் கறை என்று நினைப்பார். ஸ்லாப்பை நகர்த்துவது யார்டு ஆட்களின் வேலை. 10 அடிக்கு 6 அடி, 2 சென்டிமீட்டர் கனம் என்றால் ஒரு ஸ்லாப் சுமார் 300 கிலோ. சாய்த்து வைத்த வரிசைக்கு நடுவே துணியோடு நுழையாதீர்கள்.

கேமராவை நேராக்குவது

ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், 10 அடி ஸ்லாப் என்றால் ஓரம் விட்டு 16 அடி தூரம் வேண்டும். ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் அதே லென்ஸுக்கு 23, 24 அடி. இடம் இல்லையென்று 24 மி.மீ. போட்டால் ஓரங்கள் வளைந்து, ஸ்லாப்பின் அளவே சந்தேகமாகிவிடும்.

ஸ்டாண்டில் ஸ்லாப் பின்னால் சாய்ந்திருக்கும். 10 டிகிரி சாய்வுக்கு, 16 அடி தூரத்தில், கேமரா ஸ்லாப்பின் நடுவைவிட ஏறக்குறைய 3 அடி மேலே இருந்து குனிந்து பார்க்க வேண்டும். சரியா என்று அறிய அளவுகோல் தேவையில்லை: உங்கள் லென்ஸின் பிரதிபலிப்பு ஃபிரேமின் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது.

அடுத்து அந்தப் பிரதிபலிப்பை மறைக்க வேண்டும். மினுமினுக்காத கறுப்புக் காடாத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமரா இருக்கும் இடத்திலேயே தொங்கவிடுங்கள். துணியின் அளவு ஸ்லாப்பைப் போல இரண்டு மடங்கு: 10 அடிக்கு 6 அடி ஸ்லாப்புக்கு 20 அடிக்கு 12 அடி. தூரம் கூடினாலும் குறைந்தாலும் இதே கணக்குதான். பாலிஷ் பரப்பு, நேராக விழும் ஒளியில் 4, 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெளிர் நிறக் கல்லில் அது கண்ணுக்கே தெரியாது, சின்னத் துணி போதும். தருமபுரி கறுப்புக் கல் தானாக அதிக ஒளி காட்டாது என்பதால் அந்த 4 சதவீதமே கூரையையும் கிரேனையும் வரைந்து காட்டிவிடும்.

ஸ்ட்ரோப் (ஃபிளாஷ் விளக்கு) வைப்பதானால் இரண்டு பக்கமும், ஸ்லாப்புக்கும் கேமராவுக்கும் பாதித் தூரத்தில், நடுக்கோட்டிலிருந்து 8 அடிக்கு வெளியே. அதற்கு உள்ளே வந்தால் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைக் கட்டமாகக் கல்லில் தெரியும்.

பளபளப்பை வெட்டும் ஃபில்டரான போலரைஸரை நம்பி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். நேர் எதிரே நின்று பார்க்கும்போது அது ஒன்றும் செய்யாது; நேர் எதிரிலிருந்து ஏறக்குறைய 56 டிகிரி விலகிச் சாய்ந்து பார்க்கும்போதுதான் பளபளப்பை வெட்டும். விளக்கின் மேல் ஒரு போலரைசிங் ஷீட்டும், அதற்குக் குறுக்காக லென்ஸில் ஒன்றும் போட்டால் நேராக நின்றும் பிரதிபலிப்பு போய்விடும். ஆனால் கல் ஈரமாக இருப்பது போல நிறம் அடர்ந்து, பாலிஷே போடாதது போலத் தெரியும். பாரடைசோ மாதிரி அலை அலையாக ஓடும் கல்லின் வரிகளைக் காட்ட ஒரு படம் அப்படி எடுக்கலாம். விற்பனைக்கு அதை மட்டும் அனுப்பக் கூடாது.

எக்ஸ்போஷரும் நிறமும்

எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல், மேனுவல். மீட்டரை நம்பினால் கறுப்புக் கல் சாம்பலாகும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி) குறைக்க வேண்டியிருக்கும். ஸ்லாப்பை ஒட்டிக் கிரே கார்டை வைத்து அதற்கு அளந்தால் இந்தக் குழப்பமே இல்லை. மேகம் வந்து போனால் கார்டோடு இன்னொரு படம் எடுங்கள்.

குவாரிக்கோ கட்டிங் ஷெட்டுக்கோ போனால் லென்ஸ் மாற்ற வேண்டாம். இரண்டு பாடி எடுத்துப் போங்கள். சென்சாரில் ஒட்டும் தூசி கல்தூள், துணியால் தேய்த்தால் கோடு விழும். நுரையீரலுக்கும் அது ஆகாது, என்95 முகக்கவசம் போடுங்கள். டிரோன் 250 கிராமுக்கு மேல் இருந்து, வேலை கூலிக்கு என்றால், 2021 டிரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். ஓசூர் பக்கம் விமான ஓடுதளம் இருப்பதால் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். வெடி வைக்கும் நேரத்தை மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்

கூலி வாங்கி எடுத்துக் கொடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொன்னவருக்கே. உங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ள நினைத்தால் கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவும் செய்து வையுங்கள்: பதிவுள்ள சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. வட்டி கேட்டு யாரும் சண்டைக்குப் போவதில்லை; பில்லின் அடியில் பதிவு எண் இருந்தால் கணக்குப் பிரிவு ஃபைலைக் கொஞ்சம் முன்னால் எடுக்கும்.