அந்த வயிற்றுவலி நடிப்பில்லை: பிள்ளைகளின் பதற்றத்தை அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதற்றத்தால் அவதிப்படும் பிள்ளை, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தானே வந்து சொல்லும் எனக் காத்திருப்பதுதான் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு. ஏழெட்டு வயதில் உள்ளுக்குள் நடப்பதற்குப் பெயர் வைக்கத் தெரியாது; பதின்பருவத்தில் பெயர் தெரிந்தாலும் சொல்லக் கூச்சம் விடாது. அதனால் பதற்றம் எரிச்சலாகவும், அழுகையாகவும், தூக்கமின்மையாகவும், பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் வரும் வயிற்றுவலியாகவும் வெளிப்படுகிறது.

விடுமுறை நாளில் காணாமல் போகிற அந்த வலியை நடிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறோம். வலி உண்மையானது. ஆபத்து வருவதாக மூளை கருதும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. குமட்டலும் வயிற்றுப் பிசைவும் அதனால் வருபவை. உடல்நோய் ஏதுமில்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்ட பிறகு, வலி எந்தெந்த நாளில், எதற்கு முன்பாக வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால், பிள்ளை சொல்லாத பலவற்றை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

அடம்பிடிக்கும் பிள்ளையையாவது யாரேனும் கவனிப்பார்கள். வீட்டுப்பாடத்தை ஐந்து முறை அழித்து எழுதும், ஒரு மதிப்பெண் குறைந்தாலும் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளையை "எவ்வளவு பொறுப்பு!" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம் என்பதே என்னை அதிகம் வருத்துகிறது.

எல்லா அச்சத்தையும் நோயாகக் காண்பதும் தவறுதான். ஏறத்தாழ எட்டு மாதம் முதல் மூன்று வயது வரை பெற்றோரைப் பிரிய அஞ்சுவதும், அதன்பின் இருட்டுக்குப் பயப்படுவதும் வளர்ச்சியின் பகுதிகள். அச்சம் எவ்வளவு காலம் நீடிக்கிறது, படிப்பையும் நட்பையும் உறக்கத்தையும் எவ்வளவு சுருக்குகிறது என்பதே அளவுகோல். அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, பிள்ளைகளிடம் பிரிவுப் பதற்றக் கோளாறைக் கண்டறியக் குறைந்தது 4 வாரங்களும், பலவற்றையும் நினைத்து ஓயாமல் கவலைப்படும் பொதுவான பதற்றக் கோளாறைக் கண்டறிய 6 மாதங்களும் அறிகுறிகள் நீடித்திருக்க வேண்டும்; ஆயினும் ஆலோசனை கேட்க அதுவரை பொறுத்திருக்கத் தேவையில்லை.

மிகுந்த தீங்கு செய்யும் தவறு அன்பிலிருந்தே பிறக்கிறது. மேடையேற அஞ்சும் மகளுக்காக ஆசிரியரிடம் விலக்குக் கேட்கிறோம், வாய் திறக்கத் தயங்கும் மகனுக்குப் பதிலாக நாமே பேசிவிடுகிறோம், "ஒன்றும் ஆகாதே?" என்று இருபதாவது முறை கேட்டாலும் "ஆகாது" என்கிறோம். பிள்ளைக்கு உடனே நிம்மதி கிடைக்கிறது. ஆனால் விலகியதால்தான் தப்பித்தோம் என்ற பாடத்தை மூளை பதித்துக்கொள்வதால், மறுமுறை அச்சம் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இதற்கு அஞ்சி, நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் தள்ளுவதுபோல் பிள்ளையை ஒரேயடியாகத் தள்ளுவதும் உதவாது. "உனக்குக் கடினமாக இருப்பது தெரிகிறது, உன்னால் இதைத் தாங்க முடியும் என்றும் நம்புகிறேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, முதலில் வீட்டாரிடம், பிறகு ஒரு தோழியிடம், பிறகு சிறு குழுவில் என்று படிப்படியாகப் பேசப் பழக்கலாம்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவதும், மாத்திரைக்குப் பயந்து மருத்துவரைத் தவிர்ப்பதும் வேண்டாம். 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடத்தப்பட்டு 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அச்சமூட்டும் எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் 12 வார அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினரும், அதனுடன் பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ராலின் மருந்தும் பெற்றவர்களில் சுமார் 81 விழுக்காட்டினரும் நன்கு தேறினர்.

பதின்பருவப் பிள்ளை எதிலும் பிடிப்பின்றி ஒதுங்கும்போது, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் வாய்மூடி இருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. நேராக, அமைதியாகக் கேளுங்கள். "ஆம்" என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.