பிராதில் வாதி யார் என்று எழுதுவது எப்படி?

சிவில் வழக்குப் போட வருகிறவர்கள் நடந்ததையெல்லாம் வக்கீலிடம் விலாவாரியாகச் சொல்வார்கள், ஆனால் பிராதின், அதாவது வழக்குத் தொடுக்க கோர்ட்டில் கொடுக்கும் மனுவின், முதல் பக்கத்தில் வாதி, பிரதிவாதி என்று வருகிற நாலு வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தீர்ப்பு யாருக்குக் கிடைக்கும், யாரைக் கட்டுப்படுத்தும் என்பது அந்த நாலு வரியில்தான் இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 7 விதி 1, பெயர், விவரம், இருப்பிடம் கேட்கிறது. வழக்கமாக இப்படி வரும்: 'கந்தசாமி என்கிற கந்தன், வயது 52, த/பெ பெரியசாமி', அப்புறம் கதவு எண், தெரு, கிராமம், வட்டம், மாவட்டம். கிரயப் பத்திரத்தில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயரும் இருந்தால் இரண்டையும் 'என்கிற' போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போனால் தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லிப் போடும் நிறைவேற்று மனு கட்டத்தில் 'இவர்தான் அவரா' என்று எதிர்த்தரப்பு கிளப்பும்.

வாதிகள் பலர் என்றால் முதல் வாதி, இரண்டாம் வாதி என்று எண் கொடுத்துவிட்டு, உள்ளே அந்த எண்ணாலேயே குறிப்பிடுவார்கள். இங்கேதான் நிறைய குழப்பம். சொத்து முதல் வாதி பெயரில் மட்டும் இருக்கும்போது 'வாதிகளுக்குச் சொந்தமான' என்று ஒரு பாராவில் வந்துவிட்டால், குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். எந்த வாதி என்று ஒவ்வொரு பாராவிலும் சரிபாருங்கள்.

மைனர் தானாக வழக்குப் போட முடியாது. 'மைனர் இன்னார், அவருக்காக அவருடைய தாயும் காப்பாளருமான இன்னார்' என்று எழுத வேண்டும், அப்போதும் வாதி அந்தப் பிள்ளைதான், தாய் இல்லை. கோயில் சொத்து வழக்கிலும் இதே மாதிரிதான், சுவாமியே வாதி, அவருக்காக அறங்காவலரோ செயல் அலுவலரோ வருவார். ஊர்ப் பொதுப்பாதை போலப் பலருக்கும் ஒரே உரிமை என்றால் கட்டளை 1 விதி 8 இருக்கிறது, ஒரு சிலர் எல்லோருக்காகவும் வழக்காடலாம், ஆனால் கோர்ட் அனுமதி வேண்டும், மற்றவர்களுக்கு அறிவிப்பும் போக வேண்டும். கூட்டாண்மை நிறுவனம் என்றால் பதிவு ஆகியிருக்கிறதா பாருங்கள். பதிவு இல்லாமல் ஒப்பந்தப் பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 69 விடாது.

பாகப்பிரிவினையில் கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளை விட்டுவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது, எனக்கு அதில் மிகவும் வருத்தம். பங்குதாரர் ஒருவர் விடுபட்டாலும் வழக்கே நிற்காது. வாதியாகச் சேர அவர்களுக்கு விருப்பம் இல்லையென்றால் பிரதிவாதியாகவாவது சேர்த்தே ஆக வேண்டும். விட்டுப்போனவரை கட்டளை 1 விதி 10இன்படி பிறகு சேர்க்கலாம், ஆனால் பொதுவாக அவரைப் பொறுத்தவரை வழக்கு அன்றைக்குத்தான் தொடங்கியதாகக் கணக்கு, அதனால் வழக்குப் போடச் சட்டம் கொடுத்திருக்கும் காலவரையறை தாண்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள். வாதி இறந்துவிட்டால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள்தான், வக்கீலுக்கு உடனே போன் செய்யுங்கள்.